பழைய சினிமாச் சாமான் சேகரிப்பு: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டு மச்சு முழுக்கப் பழைய சினிமாச் சாமான்களும் நாடகச் சாமான்களும்தான். 26 வருஷமாகச் சேர்க்கிறேன். கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் பஸ்ஸிலும் பார்க்கிறவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. இந்தப் பக்கத்து ஆட்களை நினைத்து, அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கிறேன்.

சினிமாவில் ‘பிராப்பர்டி’ என்று சொல்கிறார்களே, அதில் எதெல்லாம் அடங்கும்?

கேமரா முன்னால் நடிகர் கையாண்ட பொருள் எல்லாம் பிராப்பர்டிதான். வாள், கேடயம், கடிதச் சுருள், வீணை, கைத்தடி, மூக்குக் கண்ணாடி, டெலிபோன், சிம்மாசனம் எல்லாம் இதில் சேரும். உடுப்பும் டோப்பாவும் நகையும் காஸ்ட்யூமர், மேக்கப்காரர் கணக்கில் வரும். ஆனால் சேகரிப்பவர்கள் எல்லாவற்றையும் ஒன்றாகத்தான் பார்க்கிறோம்.

போஸ்டர், பாட்டுப் புத்தகம், ஸ்டில் போட்டோ, தியேட்டர் ஸ்லைடு இதெல்லாம் விளம்பரச் சரக்கு. நடிகர் கை அதில் பட்டிருக்காது. அதனால் மதிப்பு குறைவு என்று நினைத்துவிட வேண்டாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஸ்டூடியோ எல்லாம் சென்னையில். திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு என்ன கிடைத்துவிடும்?

நியாயமான சந்தேகம். அந்தக் காலத்துப் படங்கள் சென்னையிலும் சேலத்திலும் கோயம்புத்தூரிலும் எடுக்கப்பட்டன. எம்.ஜி.ஆர். பிடித்த வாளோ பத்மினி கட்டிய சலங்கையோ தாமிரபரணிக் கரைக்குத் தானாக நடந்து வராது. பெரிய நட்சத்திரத்தின் சாமானை மட்டும்தான் வாங்குவேன் என்று தொடங்கினால், பத்து வருஷம் கழித்தும் கையில் ஒன்றும் இருக்காது, இல்லையென்றால் ஏமாந்திருப்பீர்கள்.

ஆனால் நம்ம சீமைக்கு வேறொரு செல்வம் இருக்கிறது. தமிழ் சினிமா நாடகக் கொட்டகையிலிருந்து வந்தது. தமிழ் நாடகத்துக்குத் தலைமை ஆசிரியர் என்று கொண்டாடப்படும் சங்கரதாஸ் சுவாமிகள் பிறந்த காட்டுநாயக்கன்பட்டி தூத்துக்குடிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1986 வரை அந்தப் பகுதி முழுக்கத் திருநெல்வேலி மாவட்டம். நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டன, நொடித்தன, கலைந்தன. கலைந்த இடத்தில் சாமான் தங்கியது, சில சமயம் ஆளும் தங்கினார். கோவில்பட்டியில் சாமி படங்கள் வரைந்து நாடெங்கும் காலண்டர்களில் பரவிய ஓவியர் கொண்டையராஜு, நாடகக் கம்பெனிக்குச் சீன் படுதா வரைந்துகொண்டு அந்த ஊருக்கு வந்தவர். கம்பெனி கலைந்தது, அவர் அங்கேயே தங்கிவிட்டார். நம்ம வீட்டுப் பூஜை அறைக் காலண்டருக்கும் நாடகப் படுதாவுக்கும் நடுவில் இவ்வளவு நெருங்கிய உறவு இருக்கிறது.

ஆகவே இங்கே தேட வேண்டியவை: ராஜபார்ட் கிரீடம், படுதா, ஆர்மோனியம், மேக்கப் பெட்டி, டூரிங் டாக்கீஸ் சாமான், கோயில் கொடையில் (கோயில் திருவிழாவில்) திரை கட்டிப் படம் போட்டவர்களின் 16 எம்.எம். புரொஜக்டர். ஆக்கர் கடை (பழைய சாமான்களை எடைக்கு வாங்கும் கடை), பழைய வீடு இடிக்கும் இடம், மூடிய தியேட்டரின் பின்கட்டு, ஓய்வு பெற்ற ஆப்பரேட்டர் வீடு, இந்த நான்கு இடங்களில்தான் எனக்குப் பெரும்பாலும் கிடைத்தது.

இந்த நடிகர் இதைப் பயன்படுத்தினார் என்று எப்படி நம்புவது?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயம். சினிமாச் சாமான் பெரும்பாலும் வாடகைச் சாமான். ஒரே சிம்மாசனம் இந்த மாதம் ஒரு ராஜா படத்துக்கும் அடுத்த மாதம் ஒரு புராணப் படத்துக்கும் போகும். வண்ணத்தை மாற்றுவார்கள், கைப்பிடிச் சிங்கத்தைக் கழற்றிவிட்டு யாளி வைப்பார்கள். அதனால் ‘இந்தப் படத்தில் வந்தது’ என்பது உண்மையாக இருந்தாலும், அதன் மேல் பத்துப் படத்தின் தழும்பு இருக்கும்.

சோதிக்க நல்ல வழி படத்தோடு ஒப்பிடுவது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மொத்த உருவம் ஒத்துப்போவது போதாது. மூன்றாவது கல் இல்லாத இடம், பிடியில் உள்ள கீறல், மரத்தின் ரேகை, தையல் கோணிய இடம், இப்படிக் கைவேலையில் மட்டும் வரக்கூடிய குறைகள் ஒத்துப்போக வேண்டும். அச்சில் வார்த்த பொருள் ஒரே மாதிரி பத்து இருக்கும், குறை ஒரே மாதிரி பத்தில் இருக்காது.

ஒரு கிரீடத்தின் கதை சொல்கிறேன். வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டில், 1941-ல் வந்த ‘அசோக்குமார்’ படத்தில் எம்.கே. தியாகராஜ பாகவதர் வைத்த கிரீடம் என்று சொல்லிக் காட்டினார்கள். கையில் எடுத்தால் எடையே இல்லை, அப்பளக்கட்டு மாதிரி இருந்தது. காகிதக் கூழ் உடம்பு, மேலே மெல்லிய துணி, அதன் மேல் பொன் வண்ணமும் ஜிகினாத் தாளும். முன்பக்கம் மட்டும் கண்ணாடிக் கல். பின்பக்கம் வெறும் வண்ணம்தான், ஏனென்றால் ஜனம் பார்ப்பது முன்பக்கத்தை. உள்ளே சிவப்புத் துணி உறை. நெற்றி படும் இடத்தில் வியர்வை ஏறி ஏறி அந்தச் சிவப்பு கறுத்து, கெட்டியாகிப் போயிருந்தது. உறை ஒரு பக்கம் கிழிந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். கூழுக்கு அடியில், வடிவம் வருவதற்காக ஒட்டிய பத்திரிகைத் துண்டு தெரிந்தது. அதில் பாதி விளம்பரம், ஓரத்தில் 1953 என்ற தேதி. 1953-ம் வருஷத்துப் பத்திரிகையால் செய்த கிரீடத்தை 1941-ல் வைத்திருக்க முடியாதே.

வீட்டுக்காரருக்கு முகம் வாடிவிட்டது. அப்புறம் மெதுவாகக் கேட்டேன்: உங்கள் தாத்தா என்ன செய்தார்? ராஜபார்ட் நடித்தவர். பாகவதர் பாட்டு என்றால் உயிர், அவர் மாதிரியே கிராப்பு வைத்து, அவர் பாட்டையே மேடையில் பாடியவர். ‘பாகவதர் கிரீடம்’ என்று கம்பெனியில் சொன்னது அதைத்தான். பேரன் காதுக்கு வரும்போது அது பாகவதரே வைத்த கிரீடமாகிவிட்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நான் அந்தக் கிரீடத்தை வாங்கினேன். கறுத்துப்போன அந்த நெற்றிப் பட்டைக்காகவே வாங்கினேன். என்னிடம் உள்ளதில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

எங்கள் வீட்டில் ‘கட்டபொம்மன் படத்தில் சிவாஜி பிடித்த வாள்’ இருக்கிறது. உண்மையாக இருக்குமா?

கயத்தாறு, ஒட்டப்பிடாரம், கோவில்பட்டி வட்டாரத்திலிருந்து இந்தக் கேள்வி நிறைய வரும். வருவதற்குக் காரணமும் உண்டு. கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16-ல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறில், சிவாஜி கணேசன் தாமே நிலம் வாங்கி 1970-ல் சிலை வைத்தார். அவரை இந்த மண்ணோடு சேர்த்து நினைப்பது இயல்பு.

ஆனால் வாள் விஷயத்தில் மூன்று வரிசை இருக்கிறது என்று நினைவில் வையுங்கள். 1959-ல் வந்த படத்துக்குச் செய்த வாள்கள் ஒன்று. படத்துக்கு முன்பே சிவாஜியின் நாடக மன்றம் அந்தக் கதையை மேடையில் பல முறை போட்டது, அந்த மேடை வாள்கள் இரண்டாவது. படம் பார்த்துவிட்டு நம்ம ஊர்களில் நாடகம் போட்டவர்கள் உள்ளூர் ஆசாரியிடம் செய்த வாள்கள் மூன்றாவது. மூன்றாவது வரிசைதான் எண்ணிக்கையில் அதிகமாக இருக்க முடியும்.

படம் வண்ணத்தில் எடுக்கப்பட்டது, அதனால் பிடியின் நிறம் வரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படமாக இருந்தால் இந்த வசதி இல்லை. தமிழில் முழுநீள வண்ணப் படம் 1956-ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்த பிறகுதான். அதற்கு முந்தைய படத்துச் சாமான் என்றால் நிறத்தைப் பேசாதீர்கள், வடிவத்தையும் கீறலையும் மட்டும் பேசுங்கள்.

அப்புறம், அந்த வாள் மூன்றாவது வரிசை என்று தெரிந்தால் ஆக்கர் கடையில் போட்டுவிடாதீர்கள். எந்த ஊர், எந்தக் கொடை, யார் கட்டபொம்மன் வேஷம் கட்டினார் என்று எழுதி வையுங்கள்.

தாத்தா வைத்திருந்த நாதஸ்வரம் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் வந்தது என்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

1962-ல் வந்த அந்தப் படத்தில் ‘சிங்கார வேலனே தேவா’ பாட்டுக்கு நாதஸ்வரம் வாசித்தவர் நம்ம காருகுறிச்சி அருணாசலம். பாடியவர் எஸ். ஜானகி. திரையில் வாத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நடித்தவர் ஜெமினி கணேசன், பாடுவது போல் நடித்தவர் சாவித்திரி. ஆக, மைக் முன்னால் ஒலித்த வாத்தியம் ஒன்று, கேமரா முன்னால் நின்ற வாத்தியம் ஒன்று. இரண்டும் ஒன்றாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம். உங்கள் குடும்பம் எதைச் சொல்கிறது என்று முதலில் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். ‘அவர் வாசித்தது’ என்றால் வித்வான் வட்டாரத்து ஆட்களிடம் போக வேண்டும். ‘படத்தில் தெரிவது’ என்றால் அணசின் (கீழே விரிந்த வாய்ப் பகுதி) வளைவு, உலவில் (நீண்ட மரக் குழல்) உள்ள பூண், துளைகளின் தேய்மானம் இவற்றைத் திரையோடு ஒப்பிட வேண்டும்.

தயவுசெய்து உலவுக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள். விரல் பட்டுப் பட்டு வழுவழுப்பான அந்த ஆச்சா மரத்தின் ஓரங்கள்தான் வாசித்த ஆளின் கையெழுத்து. சீவாளி (வாயில் வைத்து ஊதும் பகுதி) கட்டிய நூலைக்கூட அவிழ்க்காதீர்கள்.

பாட்டுப் புத்தகம், போஸ்டர் எந்தக் காலம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கு நம்ம எழுத்தே சாட்சி. 1978-ல் அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. அதற்கு முன்பு லை, னை, ளை, ணை இவற்றுக்கு முன்னால் யானைத் துதிக்கை மாதிரி ஒரு சுழி வரும். னா, ணா, றா எழுத்துகளில் கால் தனியாக நிற்காமல் ஒட்டிக்கொண்டு கீழே வளையும். 1950-களின் அசல் போஸ்டர் என்று ஒருவர் நீட்டினார். நடிகை பெயரில் ‘னா’ இன்றைக்கு எழுதுகிற மாதிரி கால் போட்டு நின்றது. அங்கேயே பேச்சு முடிந்தது. ஆனால் பழைய எழுத்து இருப்பதால் மட்டும் 1978-க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. சின்ன அச்சகங்கள் கையிலிருந்த பழைய எழுத்தை ஒரேயடியாகத் தூக்கிப் போடவில்லை.

விலையைப் பாருங்கள். அணாவில் போட்டிருந்தால் 1957 ஏப்ரலில் புதுக் காசு வருவதற்கு முந்தியதாக இருக்கும். ‘ந.பை.’ (நயா பைசா, அதாவது புதிய பைசா) என்றிருந்தால் அடுத்த சில வருஷங்கள், 1964 வாக்கில் அந்தப் ‘புதிய’ போய்விட்டது. அச்சக முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். மாநிலம் ‘தமிழ்நாடு’ என்று அதிகாரபூர்வமாக மாறியது 1969 ஜனவரியில். இந்த நாலைந்து தேதிகளை மனப்பாடம் செய்தால் பாதி ஏமாற்றிலிருந்து தப்பிக்கலாம்.

பொருள் பழசா, பழசு மாதிரி செய்ததா?

வெல்க்ரோ, தெர்மோகோல், குச்சிப் பசை, நட்சத்திரத் தலை ஸ்க்ரூ இருந்தால் உஷாராகுங்கள். பிற்பாடு பழுது பார்த்ததாகவும் இருக்கலாம், கேளுங்கள். ரூபாய் நோட்டுச் சோதிக்கும் நீல விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் காலத்து வெள்ளைத் துணியும் தாளும் அதில் பளீரென்று ஒளிரும், பழையவை பெரும்பாலும் மங்கலாகக் கிடக்கும். பழைய துணியை இப்போதைய சோப்புத் தூளில் துவைத்திருந்தாலும் ஒளிரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

என்ன விலை கொடுக்கலாம்?

அமெரிக்காவில் இதற்குப் பெரிய ஏலச் சந்தையே இருக்கிறது. 1939-ல் வந்த ‘தி விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தில் ஜூடி கார்லண்ட் போட்ட சிவப்புச் செருப்பு ஒரு ஜோடி, 2005-ல் ஒரு மியூசியத்திலிருந்து திருடு போய், 2018-ல் மீட்கப்பட்டு, 2024 டிசம்பரில் கமிஷனோடு 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்தப் படத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட ஜோடிகள் செய்தார்கள். ஆடும்போது சத்தம் கேட்காமலிருக்க அடியில் கம்பளித் துணி ஒட்டியது போன்ற வேலை அடையாளங்களை வைத்து ஒவ்வொன்றையும் ஆராய்ந்திருக்கிறார்கள். பொருள் அழகாக இருந்ததற்கு விழுந்த விலையல்ல அது. யார் கையில் எப்போது இருந்தது என்ற கணக்கு இருந்ததற்கு விழுந்த விலை.

நம்மிடம் அப்படிப்பட்ட சந்தை இல்லை. ஆகவே ஊரறிந்த விலை என்று ஒன்றும் கிடையாது. என் வழக்கம் இது: சாட்சி இல்லாத பொருளுக்கு, நடிகர் பெயரை எடுத்துவிட்டால் என்ன தருவேனோ அதை மட்டும் தருவேன். பெயருக்கான பணம், பெயர் நிரூபணமான பிறகு. இந்த விதியை ஒரே ஒரு முறை மீறினேன். ஒரு வியாபாரியிடம் ஒரு கைத்தடிக்கு இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். அதே மாதிரிக் கைத்தடி அவரிடம் இன்னும் நாலு இருந்தது பின்னால் தெரிந்தது. வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, ஆறு மாதம் அது என் நெஞ்சில் கிடந்தது.

கையில் பணம் கொஞ்சம்தான். எதிலிருந்து தொடங்கலாம்?

பாட்டுப் புத்தகத்திலிருந்து. கதைச் சுருக்கம் போட்டு, முக்கியமான கட்டத்தில் நிறுத்தி, ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்களே, அதுதான். பல படங்களின் பிரிண்டே இன்று இல்லை. பாட்டுப் புத்தகம் மட்டும்தான் அந்தப் படம் இருந்ததற்குச் சாட்சி.

அடுத்தது தியேட்டர் ஸ்லைடு. இரண்டு கண்ணாடிக்கு நடுவில் எழுத்து, சுற்றிலும் கறுப்புத் தாள் ஒட்டு. ‘இடைவேளை’, ‘புகை பிடிக்காதீர்கள்’, உள்ளூர் ஜவுளிக்கடை விளம்பரம். என்னிடம் ஒரு ஸ்லைடில் ‘குழந்தை காணவில்லை, ஆபீசுக்கு வரவும்’ என்று கையால் எழுதியிருக்கிறது. மையில் எழுதி, அவசரத்தில் காய்வதற்குள் மாட்டியிருக்கிறார்கள், கடைசி எழுத்து ஒரு விரல் அகலத்துக்கு இழுபட்டிருக்கிறது. அந்தக் குழந்தை கிடைத்ததா என்று அதை எடுக்கும்போதெல்லாம் நினைப்பேன்.

கார்பன் குச்சிகளையும் விடாதீர்கள். அந்தக் கால புரொஜக்டரில் இரண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் எழும் தீப்பொறிதான் வெளிச்சம். எரிந்து மிஞ்சிய துண்டைத் தியேட்டருக்குப் பின்னால் பொறுக்கிய பிள்ளைகள் நாங்கள். பியூஸ் போன பல்பில் தண்ணீர் ஊற்றி, பிலிம் துண்டை முன்னால் பிடித்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி, சுவரில் படம் காட்டியவர்கள் இன்னும் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களிடம் கேளுங்கள்.

பிலிம் சுருள் கிடைத்தால் வைத்துக்கொள்ளலாமா?

கவனம். 1950-களின் தொடக்கம் வரை வந்த 35 எம்.எம். பிலிம் நைட்ரேட் வகையாக இருக்கலாம். அது சட்டென்று தீப்பிடிக்கும், பிடித்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது. எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனை அதுவே தருகிறது. பிசுபிசுப்பாக, பழுப்புத் தூளாக மாறியிருந்தால் வீட்டுக்குள் வைக்கவே வேண்டாம். பின்னால் வந்த அசிட்டேட் பிலிம் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, ஆனால் கெட்டுப்போகும்போது புளித்த காடி நெடி அடிக்கும், பக்கத்தில் உள்ள நல்ல சுருளையும் கெடுக்கும். பிரித்து வையுங்கள்.

முழுப் பட ரீல் கிடைத்தால் உங்கள் ஆசையை ஒதுக்கி வையுங்கள். புனேயில் 1964-லிருந்து தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் இருக்கிறது. அவர்களுக்கு எழுதுங்கள். மச்சில் வைத்து நாம் காப்பாற்ற முடியாது.

சட்டச் சிக்கல் ஏதாவது உண்டா?

மூன்று இடத்தில் உண்டு. மான் கொம்பு, மான் தோல், தந்தம் இவற்றை வாங்கவும் விற்கவும் கூடாது. பழைய ரிஷி வேஷச் சாமானில் மான் தோல் இருக்கும், தொடாதீர்கள். கூர் உள்ள நிஜ வாள் ஆயுதச் சட்டத்துக்குள் வரும், விவரம் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மூன்றாவது, ‘சினிமா செட்டில் இருந்த சிலை’ என்று சொல்லி உலோகச் சிலையோ கற்சிலையோ கொண்டுவந்தால் வாங்கவே வேண்டாம். 100 வருஷம் தாண்டிய சிலை தொல்பொருள், அதற்குப் பதிவு வேண்டும். கோயில் நிறைந்த சீமை இது, எந்தக் கோயில் சொத்தோ யாருக்குத் தெரியும். செட்டுச் சிலை என்றால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸாகவோ காகிதக் கூழாகவோ இருக்கும், தட்டினால் தெரிந்துவிடும்.

நம்ம ஊர் வெயிலிலும் அடைமழையிலும் எப்படிப் பாதுகாப்பது?

சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டு மச்சு அடுப்பு மாதிரி காயும். ஐப்பசி கார்த்திகையில் சுவரே வியர்க்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் முதல் எதிரி. மேற்குச் சுவர் ஓரமாகவும் கூரைக்கு நேர் கீழும் எதையும் வைக்காதீர்கள். வீட்டின் நடு அறை நல்லது. தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தால் கரையான் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். திருச்செந்தூர், உவரிப் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக்காற்றும் சேர்கிறது. உலோகச் சாமானை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

வெல்வெட் உடுப்பை மாட்டித் தொங்கவிடாதீர்கள், ஜரிகை கனம் தோளைக் கிழித்துவிடும். பழைய வெள்ளை வேட்டியை, கஞ்சி போடாமல், நன்றாக அலசிக் காயவைத்து, அதில் படுக்கையாகச் சுற்றி வையுங்கள். மடிப்பில் துணி உருட்டி வைத்தால் வெடிப்பு விழாது. பாச்சா உருண்டையை நேரே மேலே போடாமல் தனியாக ஒரு துணியில் முடிந்து மூலையில் போடுங்கள். நான் வசம்பும் வேப்பிலையும் வைக்கிறேன், வேப்பிலையை நன்றாக உலர்த்தாவிட்டால் அதுவே பூஞ்சையைக் கூட்டி வரும். எதை வைத்தாலும் மாதம் ஒரு தடவை திறந்து பார்ப்பதற்கு ஈடாகாது.

புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கலாமா?

கூடாது.

பாட்டுப் புத்தகத்தை லேமினேஷன் செய்தால் நிலைக்குமே?

தொடங்கிய காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். 40 பாட்டுப் புத்தகங்களைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, ஒரு கடையில் கொடுத்து லேமினேஷன் செய்தேன். சூட்டில் சில பக்கத்து மை மங்கியது. ஏழெட்டு வருஷத்தில் உள்ளே பழுப்பு ஏறி, ஓரத்தில் ஈரம் புகுந்து, தாள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிக்கொண்டது. பிரிக்க வழியில்லை. அவற்றில் சிலவற்றுக்கு மறுபிரதி இதுவரை என் கண்ணில் படவில்லை. செல்லோ டேப்பும் அதே கேடுதான். அமிலம் இல்லாத தாள் உறை வாங்க முடிந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் சுத்தமான தாளில் சுற்றி, தட்டையாக ஒரு பெட்டியில் வையுங்கள், போதும்.

வீட்டு ஆட்களிடம் போய் எப்படிக் கேட்பது? விரட்டிவிட மாட்டார்களா?

முதல் நாளே விலை பேசினால் விரட்டத்தான் செய்வார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு ஆச்சி வீட்டுக்குப் போனேன். அவர் கணவர் டூரிங் டாக்கீஸில் ஆப்பரேட்டராக இருந்து காலமானவர். அடுக்களையில் கூழ் வத்தல் போட்டு வைத்திருந்த வட்டத் தகர டப்பா, பிலிம் டப்பா. மூடியில் படப் பெயர் பாதி அழிந்து கிடந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு ஆச்சி கேட்டார்: “அவுக இருந்தவரைக்கும் இத யாரையும் தொடவிட மாட்டாக. நீங்க கொண்டுபோயி என்ன செய்யப் போறிய?”

அன்று நான் டப்பாவைக் கேட்கவில்லை. அவர் எந்த ஊரில் எல்லாம் படம் ஓட்டினார் என்று கேட்டேன். களக்காட்டில் மழைக்குக் கொட்டகை சரிந்தது, மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களைப் பின்னாலிருப்பவர்கள் வைதது, கார்பன் புகையில் அவர் வேட்டி எப்போதும் ஒரு வாசம் வீசியது, எல்லாம் சொன்னார். மூன்றாவது தடவை போனபோது டப்பாவைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார். கழுவியதில் மிச்சமிருந்த படப் பெயரும் போய்விட்டது. நல்லவேளை, முதல் நாளே போன் கேமராவில் படம் எடுத்திருந்தேன். பதிலுக்கு இரண்டு எவர்சில்வர் டப்பா வாங்கிக் கொடுத்தேன், பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அதனால் சொல்கிறேன், பொருளுக்கு முன்னால் பேச்சை வாங்குங்கள். என் நோட்டில் அந்த டப்பாவுக்கான பக்கம் இப்படி இருக்கிறது: கிடைத்த தேதி, ஊர், கொடுத்தவருக்கும் ஆப்பரேட்டருக்கும் உறவு, அவர் வேலை பார்த்த ஊர்கள், ஆச்சி சொன்னது அவர் வார்த்தையிலேயே, மூடியின் போட்டோ, ‘வத்தல் வாசம் இன்னும் இருக்கிறது’ என்ற ஒரு வரி. கடைசியில் ஆச்சியின் கையெழுத்து. ‘சொன்னார்கள்’ என்பதையும் ‘நான் பார்த்தேன்’ என்பதையும் தனித்தனி மையில் எழுதுகிறேன், நீலம் கேட்டது, கறுப்பு பார்த்தது. இரண்டும் கலந்துபோனால் பாகவதர் கிரீடம் மாதிரி ஆகிவிடும்.

நல்ல சாமான்களை நேரில் பார்க்க எங்கே போகலாம்?

சென்னையில் வடபழனி ஏவி.எம். வளாகத்தில் பழைய கேமராக்களையும் கார்களையும் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள், 2023-ல் திறந்தது. தி.நகரில் எம்.ஜி.ஆர். நினைவு இல்லம் இருக்கிறது. அச்சுச் சரக்குப் பார்க்க ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். அசல் சாமான் கிட்டத்தில் எவ்வளவு முரடாக இருக்கும் என்று பார்த்துவிட்டால், ரொம்ப நேர்த்தியாக இருப்பதைக் கண்டதும் சந்தேகம் தானாக வரும்.

உங்களுக்குப் பிறகு இதெல்லாம் என்ன ஆகும்?

என் மனைவி கேட்கும் கேள்வியும் இதுதான். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ரோஜா முத்தையா தனி மனிதராகச் சேர்த்த புத்தகங்களும் நோட்டீசுகளும்தான் அவருக்குப் பிறகு 1994-ல் சென்னையில் நூலகமாக நின்றன. ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன் சேர்த்த படங்களையும் தகவல்களையும் தமிழ்நாடு அரசு வாங்கிக்கொண்டது. ஆனால் பெரும்பாலான சேகரிப்பு, ஆள் போன பதினாறாம் நாள் ஆக்கர் கடைக்குத்தான் போகிறது. அதில் சிலவற்றை நானே எடைக்கு வாங்கியிருக்கிறேன்.

அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எந்தப் பொருள் யாருக்கு என்று நோட்டில் எழுதிவிட்டேன். அச்சுச் சரக்கு எல்லாம் ஆராய்ச்சி நூலகத்துக்கு. பிலிம் டப்பா ஆச்சியின் மகள் கேட்டால் அவளுக்கு. கிரீடம் வீரவநல்லூர்ப் பேரனுக்கு. இப்போது அவன் பெங்களூரில் வேலை பார்க்கிறான், வைக்க இடமில்லை என்கிறான், வீடு கட்டும்போது வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்தில் அவன் போன் நம்பரை என் மகள் எழுதி வைத்திருக்கிறாள். பெட்டி மச்சில் கிழக்குச் சுவர்ப் பக்கம், இரண்டாவது தட்டில் இருக்கிறது.